மாட்டுவதற்கு முன் அளப்போம்!

"தம்பி, இந்த முன் சாக்கெல்லாம் இனிமே தேறாது. பேசாம ஒரு டிஸ்க் போர்க் வாங்கி மாட்டிடு. வண்டியும் பார்க்க சும்மா ஜம்முனு இருக்கும்!"

பழைய வண்டி வைத்திருக்கும் டிப்ளமோ மாணவன் எவனும் ஒரு தடவையாவது கேட்டிருக்கக்கூடிய வாசகம் இது. நம்ம பாலிடெக்னிக் வண்டி ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். அப்பா ஓட்டிய புல்லட், 1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ் 100, மைசூரில் 1996 வரை தயாரான யெஸ்டி என்று நம்மைவிட வயதில் மூத்த வண்டிகள் அங்கே ஏராளம். அவற்றில் எத்தனை வண்டிகளுக்கு முன்பக்கம் சொந்த முன்பக்கம்? எண்ணிப் பார்த்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பயமும் வரும்.

போர்க்கை மாற்றுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அளக்காமல் மாற்றுவது தப்பு. கெட்டது எது என்று பார்க்காமலேயே "கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டுவது அதைவிடத் தப்பு. வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாமே இதைச் செய்தால், நம்ம படிப்புக்கு என்னதான் அர்த்தம் நண்பர்களே?

நானும் பிடித்த ஸ்பானர்

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது என் அறைத் தோழன் ஒரு பழைய 100 சிசி வண்டி வாங்கினான். முன் பிரேக் டிரம். அவனுக்கு டிஸ்க் மேல் ஆசை. பழைய சாமான் கடையில் வேறொரு வண்டியின் போர்க் செட் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல் பின்புறம், நாலு பேர், ஒரு டூல் பாக்ஸ். சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டோம்! ஒரே கைதட்டல்தான்.

என்ன செய்தோம் தெரியுமா? பிரேமில் இருந்த பழைய கப்பை அப்படியே விட்டுவிட்டோம். புது போர்க்கோடு வந்த கோனை மட்டும் அதில் உட்கார வைத்தோம். பால் சைஸ் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. பால் ஓடும் வட்டத்தின் விட்டம் ஒன்றா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. ஹேண்டிலோடு திரும்பும் தண்டு கொஞ்சம் நீளமாக இருந்தது. வாஷர்களை அடுக்கி நெருக்கினோம். "டைட்டா இருக்குடா, போதும்" என்றேன். சொன்னது நான்தான்.

மூன்று வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு நாள் மாடு குறுக்கே வர, அவன் முன் பிரேக்கை அழுத்தினான். ஹேண்டில் இடமும் வலமுமாக உதறியது. ஆள் ரோட்டில். காறை எலும்பு முறிந்தது. அந்த செமஸ்டர் பிராக்டிகல் எழுத முடியவில்லை. ஹெல்மெட் போட்டிருந்ததால் இன்றைக்கு இந்த மலரை அவனும் படிக்கிறான்.

அப்புறம் அந்த வண்டியைப் பிரித்துப் பார்த்தோம். பால்கள் தடத்தின் நடுவில் ஓடாமல் ஓரத்தில் ஏறி ஓடியிருக்கின்றன. கப்பின் விளிம்பு பெயர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் வெர்னியர் பிடித்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கும். அவன் ஒரு வார்த்தை கூட என்னைச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முன்பக்கம் என்ன வேலை செய்கிறது?

டெலஸ்கோப் போல ஒன்றுக்குள் ஒன்று போகும் போர்க்கை, எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் அமைப்போடு 1935-ல் ஆர் 12 வண்டியில் கொண்டுவந்தது பி.எம்.டபிள்யூ. கம்பெனி. இன்று நம்மில் பலர் ஓட்டுவதும் அடிப்படையில் அதே தத்துவம்தான். நம்ம திருவொற்றியூரில் புல்லட் கதை 1955-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி 1970-ல் நின்றுபோன பிறகும் சென்னையில் நிற்கவில்லை. பழைய புல்லட்டின் சாமான்கள் இன்றைக்கும் கிடைக்க இதுதான் காரணம்.

போர்க் என்றால் பள்ளத்தில் குலுங்காமல் இருக்க வைத்த ஸ்பிரிங் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். வண்டியைத் திருப்புவது அது. பிரேக் போடும்போது முழுச் சுமையையும் தாங்குவதும் அதுவே.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ. இரண்டு சக்கரத்துக்கும் இடையே 1370 மில்லிமீட்டர். எடை மையம் தரையிலிருந்து 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு வேகம் குறையும்படி பிரேக் போட்டால், 250 × 0.5 × 600 ÷ 1370. விடை கிட்டத்தட்ட 55. அதாவது 55 கிலோ சுமை பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்குத் தாவுகிறது. பெட்ரோல் டேங்க் மேல் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி! அந்த பிரேக்கை முன்சக்கரமே முழுக்கப் பிடித்தால், 125 கிலோ விசை டயரைப் பின்னால் இழுக்கிறது. இவ்வளவையும் வாங்கிக்கொள்வது இரண்டு பைப்பும், ஒரு தண்டும், கையளவு ஸ்டீல் பால்களும்தான். அந்த இடத்தில்தான் நாங்கள் வாஷர் அடுக்கினோம்.

கெட்டது எது?

எனக்குச் சித்தப்பாவின் பழைய புல்லட் வந்தது. முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். இடது போர்க்கில் ஆயில் வழிந்து டிரம் வரைக்கும் வந்துவிட்டது. நான் முதலில் சொன்ன "டிஸ்க் மாட்டிடு" யோசனை இந்த வண்டிக்குத்தான் கிடைத்தது. இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு முதலில் பார்த்தேன்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரம் தரையில் படாமல் தூக்கிவிடுங்கள். போர்க்கின் அடிப்பகுதி இரண்டையும் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நண்பனை ஸ்டியரிங் தலையில் விரல் வைக்கச் சொல்லுங்கள். ஆட்டம் அங்கே தெரிந்தால் கோன் செட். பைப்பும் பாட்டமும் சேரும் இடத்தில் தெரிந்தால் புஷ். ஹேண்டிலை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி 'டொக்' என்று நின்றால், பால்கள் கப்பில் குழி போட்டுவிட்டன என்று அர்த்தம். எத்தனை முறை நட்டை இறுக்கினாலும் அந்தக் குழி போகாது. கப், கோன், பால் எல்லாம் செட்டாக மாற்ற வேண்டியதுதான்.

ஆயில் வழிந்தால் உடனே சீலைக் குறை சொல்லாதீர்கள். சீல் கிழிந்தது ஏன்? பைப்பின் மேல் குரோம் அரித்துப் புள்ளி புள்ளியாகப் பள்ளம் விழுந்திருந்தால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது ரம்பம் மாதிரி சீலின் உதட்டை அறுக்கும். அப்படிப்பட்ட பைப்பில் புதுச் சீல் போட்டால் சில மாதத்தில் மறுபடியும் ஆயில்தான். "சீல் டூப்ளிகேட்டுங்க" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பாவம், அவர் என்ன செய்வார்?

ரெடி பண்ணுவது என்றால்

பைப்பைக் கழற்றி நம்ம மெட்ராலஜி லேபுக்கு எடுத்துப் போனேன். லேப் அண்ணன் முதலில் சிரித்தார், அப்புறம் அவரே சர்ஃபேஸ் பிளேட்டைத் துடைத்துக் கொடுத்தார். இரண்டு வி-பிளாக் மேல் பைப்பைப் படுக்க வைத்து, நடுவில் டயல் கேஜ் முள்ளை வைத்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். முள் எவ்வளவு ஆடுகிறதோ அதில் பாதிதான் உண்மையான வளைவு. வலது பைப்பில் ஆட்டம் 0.06 மில்லிமீட்டர், வளைவு 0.03. பிரமாதம். இடது பைப்பில் 0.42, வளைவு 0.21. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல நேராகத்தான் இருந்தன!

ஆக, இடது பைப் போயிற்று. அதே மாடலுக்கான புதுப் பைப் ஒன்று வாங்கினேன். வலது பைப்பில் அரிப்பு இருந்தது, ஆனால் சீல் ஓடும் இடத்துக்கு மேலே. எண்ணெய்க் கல்லால் முனைகளை மழுங்கடித்துத் துடைத்து அதையே போட்டேன். அரிப்பு சீல் ஓடும் இடத்தில் இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும். பழைய குரோமை எடுத்து, கிரைண்டிங் செய்து, ஹார்டு குரோம் ஏற்றி, மறுபடி சைஸுக்குக் கிரைண்ட் செய்து தரும் பட்டறைகள் இருக்கின்றன. அலங்காரத்துக்குப் போடும் பளபளா குரோம் வேறு, இது வேறு. வேலை முடிந்து வந்ததும் மைக்ரோமீட்டரால் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து வாங்குங்கள்.

ஸ்பிரிங்கையும் அளந்தேன். புது ஸ்பிரிங்கைவிட ஒன்று 6 மில்லிமீட்டரும், இன்னொன்று 9 மில்லிமீட்டரும் குட்டை. முப்பது வருடம் சுமந்த ஸ்பிரிங் உட்காரத்தானே செய்யும்! ஜோடியாக மாற்றினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது செருப்பில் ஒன்றை மட்டும் மாற்றுவது போல.

சீல் இறக்கும்போது சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஆயுளைத் தீர்மானிக்கும். சின்ன ஸ்பிரிங் வளையம் தெரியும் முகம் எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். பைப்பின் கூர்மையான விளிம்பிலும் மரையிலும் பிளாஸ்டிக் பை சுற்றி, எண்ணெய் தடவி, அதன் மேல் சீலை இறக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஓரம் ஓரமாகத் தட்டக்கூடாது. சீலின் வெளி விட்டத்துக்குப் பொருந்தும் ஒரு துண்டு பிவிசி பைப் போதும், நேராக இறங்கும். இந்த பிவிசி யோசனை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை; தெரு முனை மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தது. அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

ஆயில் விஷயத்தில் ஒரு மூடநம்பிக்கை உண்டு: "கொஞ்சம் அதிகமா ஊத்து, ஸ்டிஃப்பா இருக்கும்!" போர்க்குக்குள் எண்ணெய்க்கு மேலே காற்று இருக்கிறது. அந்தக் காற்றுத் தூண் 26 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போர்க் 13 சென்டிமீட்டர் அமுங்கினால் அது பாதியாகிறது. பாயில் விதிப்படி அழுத்தம் இரண்டு மடங்கு. அதிகமாக ஊற்றி, காற்றுத் தூணை 19.5 ஆக்கிவிட்டால்? அமுங்கிய பிறகு மிச்சம் 6.5. அழுத்தம் மூன்று மடங்கு! அந்த அழுத்தம் சீலைத்தான் தள்ளும். கம்பெனி புத்தகத்தில் சொன்ன கிரேடு, சொன்ன மில்லி, இரண்டு பக்கமும் சமம். அவ்வளவுதான்.

எல்லாம் மாட்டிய பிறகு ஆக்சிலை இறுக்கி, வண்டியைத் தரையில் நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கி எழுப்பிவிட்டு, அதற்கப்புறம் அடி கிளாம்பை இறுக்குங்கள். இரண்டு காலும் தாமே ஒன்றுக்கொன்று இணையாக உட்காரும்.

எனக்கு ஆன செலவு, டிஸ்க் செட்டுக்குச் சொன்ன விலையில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை. சத்தம் போயிற்று. ஆயில் நின்றது. சித்தப்பா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "புதுசுல இப்படித்தான்டா இருந்துச்சு" என்றார்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா?

"டிரம் பிரேக் மழையில் பிடிக்குமா? டிஸ்க் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டிஸ்க் நல்லதுதான். ஆனால் போர்க் வெறும் டிஸ்க்கை மட்டும் கொண்டு வருவதில்லை. வண்டியின் வடிவக் கணக்கையே மாற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்டியரிங் தண்டின் சாய்வுக் கோட்டைத் தரை வரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால்தான் டயர் தரையைத் தொடும். இந்த இடைவெளிக்குப் பெயர் டிரெயில். ஓடும் வண்டி தானே நேராக நிற்கப் பார்ப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. ஓர் உதாரண வண்டி: சாய்வு 27 டிகிரி, ஆஃப்செட் 50 மில்லிமீட்டர், 19 இஞ்ச் வீல், டயரோடு ஆரம் 324. கணக்குப் போட்டால் டிரெயில் 109 மில்லிமீட்டர். இதில் 17 இஞ்ச் வீல் போடுங்கள்; ஆரம் 297 ஆகிறது, முன்பக்கம் இறங்குகிறது, சாய்வும் ஒரு டிகிரிக்கு மேல் குறைகிறது. டிரெயில் சுமார் 88. புது போர்க் 30 மில்லிமீட்டர் குட்டை என்றால் சுமார் 82. நாலில் ஒரு பங்கு காணாமல் போயிற்று! சந்துக்குள் வளைக்க ஜோராக இருக்கும். பைபாஸில் வேகம் ஏறும்போது ஹேண்டில் பதறும். ஆஃப்செட்டும் வேறாக இருந்தால் கணக்கு இன்னும் மாறும்.

அதனால்தான் சொல்கிறேன். மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: பழையது, புதியது. தண்டின் நீளம், கோன் உட்காரும் விட்டங்கள், பால் ஓடும் வட்டம், பைப் விட்டம், இரண்டு பைப்பின் மைய இடைவெளி, ஆஃப்செட், முழு நீளம், ஆக்சில் விட்டம், வீல் ஆரம். ஒன்பதே அளவு. எல்லாம் பொருந்தினால், அல்லது பொருந்தாததைச் சரியாகச் செய்யத் தெரிந்தால், தாராளமாக மாட்டுங்கள். அதே வண்டிக் குடும்பத்தின் டிஸ்க் மாடலிலிருந்து தண்டு, பிரிட்ஜ், வீல், காலிப்பர் எல்லாம் முழு செட்டாக எடுப்பது நல்ல வழி. பழைய புல்லட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு: போர்க் பைப்பின் தலை, ஹெட்லைட்டைத் தாங்கும் அலுமினிய வார்ப்பிலேயே மரையாக ஏறுகிறது. வேறு கம்பெனி போர்க் மாட்டினால் அந்த முகமே போய்விடும்.

தயவுசெய்து செய்யக்கூடாத ஒன்று: டிரம் போர்க்கின் அலுமினிய பாட்டத்தில் பிராக்கெட் வெல்டிங் வைத்து காலிப்பர் மாட்டுவது. பிரேக்கின் முழு முறுக்கும் அந்த வெல்டிங்கில்தான் வந்து நிற்கும். வார்ப்பு அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

பழைய சாமானாக வரும் போர்க் எந்த வண்டியிலிருந்து கழன்றது? பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. நேருக்கு நேர் மோதிய வண்டியாகக்கூட இருக்கலாம். அதற்கும் வி-பிளாக்தான் சாட்சி. இன்னொன்று: 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அந்த வண்டியின் போர்க்கை மட்டும் கொண்டுவந்தால் ஏபிஎஸ் கூடவே வராது. வெறும் டிஸ்க்தான் வரும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விபத்து என்று வந்து இன்சூரன்ஸ்காரர் வண்டியைப் பார்க்க வரும்போது, நம்ம ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

நம்ம மெட்ராலஜி லேபில் டயல் கேஜ் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை வெளியே வருகிறது. ரெக்கார்டு நோட்டில் ரீடிங் எழுதி முடித்ததும் பெட்டிக்குள் போய்விடுகிறது. பாதிப் பேர் அந்த ரீடிங்கையும் போன பேட்ச் நோட்டைப் பார்த்தே எழுதுகிறோம். (எழுதியவர்களில் நானும் உண்டு!) இன்னொரு பக்கம், ஸ்டாண்டில் நிற்கும் ஐம்பது அறுபது பழைய வண்டிகள் ஆட்டம் காட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நூறு அடி. அந்த நூறு அடியை நாம் நடப்பதில்லை.

மாணவர் சங்கம் ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கட்டும். வண்டிகள் ஒர்க்ஷாப்புக்கு வரட்டும். முதல் வருட மாணவர்கள் ஆட்டிப் பார்க்கட்டும், இரண்டாம் வருடம் பிரிக்கட்டும், மூன்றாம் வருடம் அளந்து அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். தெரு முனை மெக்கானிக் அண்ணன்களையும் கூப்பிடுவோம். அவர்கள் கையை நாம் கற்றுக்கொள்வோம், நம்ம கேஜை அவர்கள் பார்க்கட்டும். காசு கொடுத்து வாங்கும் புராஜெக்ட்டைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

சாமான் மாட்டுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர், நம்மைவிட வேகமாகவும் மாட்டுவார்கள். எது கெட்டது, எவ்வளவு கெட்டது, ஏன் கெட்டது என்று எண்ணில் சொல்ல வேண்டியவன் டிப்ளமோக்காரன். அதற்குத்தான் மூன்று வருடம்.

என் அறைத் தோழன் மறுபடி வண்டி ஓட்டுகிறான். அந்தப் பழைய போர்க்கையே தேடிப் பிடித்து, ரெடி பண்ணி, டிரம் பிரேக்கோடு. கோன் செட் மாட்டும்போது என்னைக் கூப்பிட்டான். ஸ்பானரை நீட்டினான். நான் முதலில் வெர்னியரைக் கேட்டேன்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை